கைமாறும் டிஸ்க்குகள்: மேல்கோட்டையிலிருந்து மெஜஸ்டிக் வரை

மேல்கோட்டையில் புளியோதரைக் கடைகளின் அடுப்பு எரியத் தொடங்கும் வேளையில் மண்டியா பஸ் கிளம்பிவிடும். ஒரு சனிக்கிழமை அந்த பஸ்ஸின் பின் இருக்கையில் இருபது வயதுப் பையன் ஒருவன் மடியில் துணிப்பையை வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. அதற்குக் கீழே பழைய துண்டில் சுற்றிய இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க். டெலிவிஷனில் இணைத்து விளையாடும் ப்ளேஸ்டேஷன் பெட்டிக்கான விளையாட்டு டிஸ்க்குகள் அவை. இரண்டையும் விளையாடி முடித்தாயிற்று. பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு இரண்டு வாங்கி வர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

பையனின் தகப்பனார் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் சமையல் வேலைக்கு என்று மலை ஏறியவர், அங்கேயே தங்கிவிட்டார். மேல்கோட்டை தமிழனுக்குப் புதிய ஊர் அல்ல. ராமானுஜர் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்ததாகச் சொல்லும் ஊர். அங்கேயுள்ள ஐயங்கார் வீடுகளில் கன்னடம் கலந்த பழைய தமிழை இன்றும் கேட்கலாம். உற்சவர் செல்லப்பிள்ளையின் கதையும் பலருக்குத் தெரிந்ததே. டில்லி சுல்தானின் மகள் அந்த விக்கிரகத்தைத் தன் விளையாட்டுப் பொருளாக வைத்திருந்தாள் என்றும், ராமானுஜர் போய் அழைத்ததும் அது அவரிடம் வந்து சேர்ந்தது என்றும் தலபுராணம் சொல்கிறது. பையன் போகும் இதே மண்டியா சாலையில்தான் வருஷத்துக்கு ஒரு முறை, மண்டியா கஜானாவிலிருந்து வைரமுடி போலீஸ் காவலுடன் மலைக்கு வருகிறது. உற்சவம் முடிந்ததும் கஜானாவுக்கே திரும்பிவிடுகிறது.

துண்டில் சுற்றிய டிஸ்க்குக்குக் காவல் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. சமையற்காரர் வீட்டில் அந்த மதிப்பு ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது.

நோட்டுக் கணக்கு

ப்ளேஸ்டேஷன் 4 என்ற பெட்டி 2014 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 39,990 ரூபாய். மாதச் சம்பளக்காரன் வீட்டில் அது பேசக்கூடிய தொகையா? இந்த வீட்டிலும் யாரும் பேசவில்லை. பல வருஷம் கழித்து, மைசூரில் ஒருவர் விற்ற பழைய பெட்டியை அப்பா மூன்று தவணையில் வாங்கிக் கொடுத்தார். பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு வாங்கியதற்குப் பரிசு.

பெட்டி வந்த பிறகுதான் தெரிந்தது, பெட்டியைவிட அதற்குப் போடும் தீனிதான் செலவு என்று. ப்ளேஸ்டேஷன் 5க்காகக் கம்பெனி வெளியிட்ட பெரிய விளையாட்டுகளின் புது டிஸ்க் ஒன்றுக்கு 4,999 ரூபாய் விலை வைத்தார்கள். ப்ளேஸ்டேஷன் 4 டிஸ்க் சற்று மலிவு என்றாலும் அதுவும் ஆயிரக்கணக்கில்தான். ஒரு டிஸ்க்கை வாங்கி, ஒரு மாதத்தில் ஆடி முடித்து, பரணில் போட்டு வைப்பது என்றால் அது பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கே கட்டுபடியாகும்.

அப்பா முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு பையன் ஒரு கணக்கைக் காட்டினான். கைமாறிய டிஸ்க் ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினான். இரண்டு மாதம் ஆடினான். அதே கடையில் திருப்பிக் கொடுத்து வேறு டிஸ்க் எடுத்தபோது 900 ரூபாய் கழித்துக்கொண்டார்கள். ஆக, இரண்டு மாதப் பொழுதுபோக்குக்கு ஆன செலவு 300 ரூபாய். நாலு பேர் சினிமாவுக்குப் போய் இடைவேளையில் பாப்கார்ன் வாங்கினால் அந்தக் காசு பறந்துவிடும். அப்பா மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, 'டிஸ்க்' என்று தலைப்பு எழுதி, வாங்கிய விலை, கொடுத்த விலை, நஷ்டம் என்று மூன்று கட்டம் கட்டினார். அன்று முதல் ஒவ்வொரு டிஸ்க்கும் அந்தப் பக்கத்தில் ஏறி இறங்குகிறது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அந்த மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறது. புது டிஸ்க் வாங்குகிறவனும் முழு விலையைச் செலவு செய்வதில்லை. பிறகு பாதியாவது திரும்பும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறான். அவனிடமிருந்து வாங்குகிற அடுத்தவனுக்குப் பாதி விலையில் கிடைக்கிறது. அவனும் விற்கிறான். ஒரே டிஸ்க் ஐந்தாறு வீடு ஏறி இறங்கும்போது, ஒவ்வொரு வீடும் அதன் விலையில் ஒரு துண்டைத்தான் சுமக்கிறது. சீட்டுக் கட்டிப் பழகிய நம் ஜனங்களுக்கு இது புரியாத கணக்கல்ல.

நேஷனல் மார்க்கெட்டில்

மண்டியாவில் ரயில் ஏறினால் மத்தூர், ராமநகரம், கெங்கேரி, அப்புறம் பெங்களூர். மத்தூர் வடை வாசனை வண்டிக்குள் வந்தும் பையன் வாங்கவில்லை. பேரத்துக்குப் பத்து ரூபாயும் உதவும் அல்லவா? சிட்டி ஸ்டேஷனுக்கு வெளியே வந்து, மெஜஸ்டிக் பஸ் நிலையத்தைத் தாண்டி, காந்தி நகர்ப் பக்கம் நடந்தால் நேஷனல் மார்க்கெட். ஸ்ரீராமபுரத்திலும் ஓகளிபுரத்திலும் வசிக்கும் நம்மவர்களுக்கு அந்த மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செருப்பு, வாட்ச், செல்போன் உறை, இவற்றுக்கு இடையே வீடியோ கேம் கடைகள். ஆள் ஒருக்களித்து நடக்கும் சந்துகள். கூரை வரை அடுக்கிய நீலப் பெட்டிகளும் பச்சைப் பெட்டிகளும்.

"வா தம்பி, மேல்கோட்டையா? புளியோதரை எங்க?" என்று கடைக்காரர் தமிழிலேயே கேட்டார்.

"அடுத்த தடவை அண்ணா. இத மொதல்ல பாருங்க."

கடைக்காரர் டிஸ்க்கை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தார். ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்தார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். முதல் டிஸ்க் தேறியது. இரண்டாவது கால்பந்து விளையாட்டு. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மேஜைமேல் வைத்துவிட்டார். "இது போன வருஷத்துது தம்பி. புதுசு வந்தாச்சு. எரநூறு போட்டுக்கறேன், வேணும்னா விட்டுட்டுப் போ."

வருஷா வருஷம் புதிதாக வெளிவரும் விளையாட்டுகளின் தலையெழுத்து இது. ஆட்டக்காரர் பட்டியல் மாறியதும் பழையது போன வருஷத்துப் பஞ்சாங்கம் ஆகிவிடுகிறது. கால்பந்து டிஸ்க்கைப் பொறுத்தவரை, அடுத்தது வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே தள்ளிவிடுகிறவன்தான் பிழைக்கத் தெரிந்தவன். கதை சொல்லும் விளையாட்டுகள் அப்படியல்ல. 'காட் ஆஃப் வார்', 'ஸ்பைடர்மேன்' போன்றவற்றை மூன்று நான்கு வருஷம் கழித்தும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. நம்மவர்களிடையே கிரிக்கெட் டிஸ்க்குக்கும் விலை அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. ஏனென்றால் நல்ல கிரிக்கெட் விளையாட்டு வருவதே அபூர்வம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ரொக்கமாகக் கேட்டால் கடைக்காரர் ஒரு விலை சொல்வார். மாற்று டிஸ்க் எடுத்துக்கொண்டால் அதைவிடக் கூடுதலாகச் சொல்வார். பணம் கடையைவிட்டுப் போகாமல் இருந்தால் அவருக்கு லாபம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவசரத்துக்குக் காசாக்க நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

கேசட் காலம்

முப்பது வருஷத்துக்கு முன் சென்னையில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு இந்த மாற்று வியாபாரம் பழகிய சங்கதி. அப்போது டிஸ்க் இல்லை, கேசட். பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் போட்ட பர்மா பஜார் கடைகளிலும், மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவிலும் ஜப்பான் பெட்டியின் நகல்கள் கிடைத்தன. மஞ்சள், நீலம், சிவப்பு என்று தடித்த கேசட்டுகள். 9999 விளையாட்டு என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டே திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வரும். மதுபானத்துக்குப் பேர்போன ஷா வாலஸ் கம்பெனிகூட 1990களின் நடுவில் ஜப்பானின் சேகா பெட்டியை இந்தியாவில் விற்றது. பழைய கேசட்டோடு சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்தால் கடைக்காரர் வேறு கேசட் தருவார்.

கேசட் ஓடவில்லையா? வாயால் ஊது! இது தெரியாத பையன் அந்தக் காலத்தில் எந்தத் தெருவிலும் இருந்திருக்க மாட்டான். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உலோக முனைகள் கெட்டுப்போகும் என்று நின்டெண்டோ கம்பெனியே எச்சரித்தது. யார் கேட்டார்கள்? கழற்றி மறுபடி செருகியதில் தொடர்பு கிடைத்து ஓடியிருக்கும். பெருமை ஊதியவனுக்குப் போயிற்று.

அப்புறம் ப்ளேஸ்டேஷன் 2 வந்தது. உலகத்திலேயே அதிகம் விற்ற வீடியோ கேம் பெட்டி, 16 கோடி என்று சோனி கம்பெனியின் கணக்கு. இந்தியாவிலும் அது வீடு வீடாக நுழைந்தது. ஆனால் பெட்டியைத் திறந்து ஒரு சிப்பை வைத்துவிட்டால் கள்ள நகல் டிஸ்க்கும் ஓடிற்று. ஐம்பது, நூறு ரூபாய்க்கு நகல் கிடைக்கும்போது அசலை யார் வாங்குவார்கள்? யார் விற்பார்கள்? கைமாற்று வியாபாரம் படுத்துவிட்டது. நகலுக்கு மறுவிலை கிடையாது. அது குப்பைக்குத்தான் போகும்.

2007 ஏப்ரலில் 39,990 ரூபாய் விலையில் ப்ளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்தது. அதில் ப்ளூ ரே டிஸ்க். அதை நகல் எடுத்து ஓட்டுவதற்குப் பல வருஷம் யாராலும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் ஜனங்கள் அசல் டிஸ்க் வாங்கினார்கள். அசலுக்கு விலை இருந்ததால் அதை விற்கவும் முடிந்தது. இன்று மெஜஸ்டிக்கில் நடக்கும் இந்தப் பழைய டிஸ்க் வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி அதுதான். இன்னொரு சௌகரியம், அந்த டிஸ்க்குகள் எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடின. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் தைலப் பாட்டில், சாக்லேட்டுக்கு நடுவே நாலு டிஸ்க்கும் வைத்துக்கொண்டு வந்தார்கள். இப்போதும் கொண்டு வருகிறார்கள். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு டிஸ்க் இங்கே ஓடும் என்றாலும், அந்த விளையாட்டுக்கென்று பின்னால் காசு கொடுத்து இறக்கும் கூடுதல் பகுதிகள் இந்தியக் கணக்கில் சேராமல் போகக்கூடும்.

கீறல் பார்க்கும் கண்

மேல்கோட்டைப் பையன் ஒரு தடவை ஏமாந்திருக்கிறான். நோட்டில் அந்த வரி சிவப்பு மையில் இருக்கிறது. செல்போனில் விளம்பரம் பார்த்து, முகம் தெரியாத ஒருவருக்கு 1,800 ரூபாய் அனுப்பினான். கூரியரில் டிஸ்க் வந்தது. பெட்டி புதுசு, டிஸ்க்கில் ஆழமான கீறல். பாதி வழியில் நின்றுவிட்டது. விற்றவரின் போன் அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை. 1,800 ரூபாய் என்பது அப்பாவுக்கு எத்தனை நாள் அடுப்படி வேலை என்று அவனே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். யாரும் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் உறைத்தது.

கீறல் எல்லாம் ஒன்றல்ல. பழைய டி.வி.டி.யில் விஷயம் பதிந்திருக்கும் அடுக்கு, தட்டின் கனத்துக்கு நடுவே இருக்கும். மேலே கீறல் விழுந்தால் தேய்த்து மெருகேற்றி ஓட வைத்துவிடலாம். ப்ளூ ரேயில் அந்த அடுக்கு அடிப்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழத்திலேயே இருக்கிறது. அதைக் காப்பாற்ற மேலே கெட்டியான பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஆகவே லேசில் கீறல் விழாது. ஆழமாக விழுந்துவிட்டால் தேய்த்துச் சரிசெய்ய இடம் இல்லை. "பாலிஷ் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த டிஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டு வருவது உத்தமம்.

பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் அச்சிட்ட ரகசிய எண்ணை நம்பியும் விலை கொடுக்கக் கூடாது. அது ஒரே ஒரு தடவைதான் செல்லும். முதலில் வாங்கியவர் பயன்படுத்தியிருப்பார். ப்ளேஸ்டேஷன் 4 டிஸ்க் 5ல் ஓடும். 5க்கான டிஸ்க் 4ல் ஓடாது. இது தெரியாமல் வாங்கிவிட்டு வந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு. பெட்டியின் மூலையில் 18 என்று அச்சிட்டிருந்தால் அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது அல்ல என்று அர்த்தம். பெற்றோர் கண்ணில் அது படுவதே இல்லை.

விற்கும்போதும் ஆபத்து உண்டு. இது டிஸ்க்குக்கு மட்டுமல்ல, பழைய கட்டில், பீரோ விற்பவர்களுக்கும் பொருந்தும். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று போனில் ஒரு குரல் சொல்லும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும். அப்படிப் போய்விட்டால் நேரத்தை வீணாக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிய வேண்டும். சிவப்பு மை வரிக்குப் பிறகு மேல்கோட்டைப் பையன் போனில் வாங்குவதை விட்டுவிட்டான். பயணச் செலவு ஆனாலும் நேரில் போய், கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குகிறான்.

கையில் கொடு, போதும்

விளையாட்டு தயாரிக்கும் கம்பெனிகளுக்கு இந்தக் கைமாற்று வியாபாரம் எப்போதுமே கண்ணில் விழுந்த தூசி. ஒரே டிஸ்க் ஐந்து பேரிடம் போனால் அவர்களுக்கு ஒரு டிஸ்க் விலைதானே கிடைக்கிறது? அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் பழைய விளையாட்டு விற்கும் கடைகள்மீது வழக்கே போட்டார்கள். 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு முறை முறையாக விற்றுவிட்ட பிரதியை வாங்கியவர் மறுபடி விற்பதைத் தடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

2013 ஜூனில் அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டிக்கு ஒரு விதி அறிவித்தது. பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்டர்நெட் வழியாகக் கம்பெனிக்கு ஆஜர் கொடுக்க வேண்டும். டிஸ்க்கை மறுவிற்பனை செய்யலாமா என்பதைத் தயாரிப்பாளர் தீர்மானிப்பார். சிநேகிதனுக்கு டிஸ்க் கொடுப்பதற்குக்கூட நிபந்தனை. ஊரெல்லாம் கொதித்தது. அந்தச் சமயம் பார்த்துப் போட்டிக் கம்பெனியான சோனி, அரை நிமிடம்கூட ஓடாத ஒரு படத்தை வெளியிட்டது. ப்ளேஸ்டேஷன் 4 விளையாட்டைச் சிநேகிதனுக்குக் கொடுப்பது எப்படி என்று காட்டும் படம் அது. ஒருவர் டிஸ்க் பெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கிறார். அவர் நன்றி சொல்கிறார். படம் முடிந்தது. சில நாட்களுக்குள், ஜூன் 19ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளை வாபஸ் வாங்கியது.

அன்று ஜெயித்தது வாங்குகிறவன்தான். ஆனால் கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டன. விதி போட்டுத் தடுப்பானேன்? டிஸ்க் போடும் வாயே இல்லாமல் பெட்டியைச் செய்துவிட்டால் போகிறது! விளையாட்டைக் கம்பெனியின் கடையிலிருந்து இன்டர்நெட் வழியாக இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். 2020 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் அப்படிப்பட்டது. ப்ளேஸ்டேஷன் 5லும் வாய் இல்லாத மாடல் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வந்த மெல்லிய மாடலில் வாய் உள்ளதற்கு 54,990 ரூபாயும், இல்லாததற்கு 44,990 ரூபாயும் விலை வைத்தார்கள்.

பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இங்கேதான் சமையற்காரரின் மூன்று கட்டம் உதவுகிறது. 4,999 ரூபாய் டிஸ்க்கை வாங்கி 2,500 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 2,500 திரும்புகிறது. இன்டர்நெட்டில் வாங்கினால் ஒரு பைசா திரும்பாது. நாலே நாலு விளையாட்டில் அந்தப் பத்தாயிரம் போய்விடும். ஐந்தாவதிலிருந்து நஷ்டம்தான். இன்டர்நெட் கடையில் பண்டிகைத் தள்ளுபடி உண்டு, பழைய விளையாட்டை மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் தருகிறார்கள் என்பது உண்மை. பொறுமைசாலிக்கு அதுவும் கட்டுபடியாகலாம். ஆனால் தள்ளுபடியில் வாங்கினாலும் அதை விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது, அவசரத்துக்குக் காசாக்கவும் முடியாது.

போதாததற்கு, காசு கொடுத்தும் பொருள் நமதாவதில்லை. பயன்படுத்த அனுமதி மட்டும் கிடைக்கிறது. வாங்குகிறவரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. டிஸ்க் வைத்திருப்பவரும் முழுக்கத் தப்பித்தார் என்று சொல்ல முடியாது. 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு, கம்பெனியின் கம்ப்யூட்டரோடு தொடர்பு இருந்தால்தான் ஓடும்படி செய்யப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று கம்பெனி அந்தத் தொடர்பை நிறுத்திவிட்டது. டிஸ்க்கில் கீறல் இல்லை, பெட்டி புதுசாக இருக்கிறது, விளையாட்டு மட்டும் ஓடாது. நேஷனல் மார்க்கெட்டில் அதை இருநூறு ரூபாய்க்கும் யாரும் எடுக்கப்போவதில்லை.

கடைசி பஸ்

பையன் அன்று கால்பந்து டிஸ்க்கை விட்டுவிட்டான். கிடைத்த இருநூறு கிடைத்தபடி. மற்றதற்கு 1,000 ரூபாய் கழித்துக்கொண்டு, 1,500 ரூபாய் டிஸ்க் ஒன்றைக் கடைக்காரரின் பெட்டியில் போட்டு, முதல் கட்டம் ஓடும் வரை நின்று பார்த்தே எடுத்தான். இரண்டு வாங்க வந்தவன் ஒன்றோடு திரும்பினான். புறப்படும்போது, தன்னுடைய பழைய ப்ளேஸ்டேஷன் 4 பெட்டியைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டான்.

"கொண்டாந்து காட்டு, பாத்துச் சொல்றேன். ஏன், அஞ்சு வாங்கப் போறியா?"

"அப்பாவக் கேக்கணும்."

"வாய் இருக்கறதா பாத்து வாங்கு தம்பி. இல்லேன்னா இந்தப் பக்கம் நீ வரவே வேணாம்." கடைக்காரர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால் கூரை வரை அடுக்கியிருந்த பெட்டிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மண்டியாவில் இறங்கி மலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு சேர்ந்தபோது அப்பா கடையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். டிஸ்க்கைத் துண்டிலிருந்து எடுத்து, கடைக்காரர் செய்ததைப் போலவே விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். நோட்டை எடுத்து மூன்று கட்டத்தையும் நிரப்பினார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே 54,990 என்று எழுதினார். அதற்குக் கீழே 'கழிவு: பழைய பெட்டி' என்று எழுதி, எதிரே இடம் விட்டு வைத்தார்.

"அடுத்த தடவ போறப்ப பெட்டியையும் எடுத்துட்டுப் போ. அவருக்குப் புளியோதரையும் கட்டித் தரேன்" என்றார்.